ஆமூர் மல்லனும் அமெரிக்க விளையாட்டும்

தமிழ்ப் பண்டிதன் ஒருவனுக்கும் வீடியோ விளையாட்டுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவுதல் கூடும். 2023ஆம் ஆண்டு ஆவணி மாதம் வரையில் யானும் அவ்வாறே வினவியிருப்பேன். அம்மாதத்தில் ஒருநாள், எம் வீட்டில் தங்கிக் கல்வி பயிலும் என் தங்கை மகன், கையிலிருந்த தொலைபேசியை என் முன் நீட்டி, “மாமா, இதை ஒருக்காப் பாருங்கோ, பாத்திட்டுத் திட்டக்கூடாது” என்றான். பார்த்தேன். எண்கோணக் கூடொன்றினுள் இருவர் பொருதனர். ஒருவன் முகத்தில் மற்றவன் கை பட்டதும் கன்னத்துத் தசை அலையெனக் குலுங்கிற்று. புருவத்தின்மேற் குருதி கசிந்தது. வியர்வைத் துளிகள் விளக்கொளியிற் சிதறின. “உயிரோடு இருப்பவர்களை ஏன் இப்படி அடிபட விடுகிறார்கள்?” என்று கேட்டேன். அவன் சிரித்தான். அவர்கள் உயிரோடிருப்பவர்களின் உருவங்களேயன்றி உயிருள்ளவர்கள் அல்லர் என்றும், அஃது ‘யூ. எப். சி. 5’ என்னும் விளையாட்டின் முன்னோட்டம் என்றும், ஒக்டோபர் 27ஆந் திகதி அது வெளிவரும் என்றும், அதற்காகவே தான் நாளெண்ணிக் காத்திருப்பதாகவும் சொன்னான்.

அவன் நாளெண்ணியதற்கு ஒரு காரணம் உண்டு. அவன் யூடோ பயின்றவன். இரண்டாண்டுகளுக்கு முன்னர் ஒரு பயிற்சியில் அவனது இடத்தோள் மூட்டு விலகிற்று. தந்தையில்லாப் பிள்ளை, தாய் அஞ்சினாள், அவளுக்கு ஆதரவாக நின்று, இனி அந்தப் பாயில் கால் வைக்கலாகாது என்று கட்டளையிட்டவன் யானே. அவன் மறுத்துப் பேசவில்லை. ஆனால் அன்று தொட்டு என்னோடு பேசும் பேச்சுச் சுருங்கிவிட்டது. ஆதலின், அவன் தானாக வந்து ஒரு பொருளைக் காட்டி “பாருங்கோ” என்றபோது, திட்டுவதற்கு என் நா எழவில்லை. என்னதான் இது என்று அறியத் தலைப்பட்டேன். அறிந்தவற்றை இங்கே எழுதுகின்றேன்.

கலப்புத் தற்காப்புக் கலை என்று நம் பத்திரிகைகள் இன்று வழங்கும் இப்போர்முறை, கைக்குத்து, கால் உதை, தூக்கி வீழ்த்தல், நிலத்திற் கிடத்தி அமுக்கல், மூட்டை முறுக்கல், கழுத்தை நெரித்தல் ஆகிய யாவற்றையும் ஒரே களத்தில் அனுமதிப்பது. புதிது போலத் தோன்றினும் இது பழையதே. கிரேக்க நாட்டில் கி. மு. 648இல் ஒலிம்பிய விழாவிற் சேர்க்கப்பட்ட ‘பங்கிராத்தியன்’ என்னும் போர் இத்தகையதே. கடித்தலும் கண்ணைத் தோண்டலுமே அதில் விலக்கப்பட்டவை. பிகேலியா என்னும் ஊரினனான அர்ரிக்கியோன் கி. மு. 564இல் அக்களத்தில் நின்றான். பகைவன் அவன் கழுத்தை இறுக்கிக்கொண்டிருக்க, அவன் பகைவனின் கால்விரலை முறித்தான். நோவு பொறாத பகைவன் தோல்வியை ஒப்புக்கொண்டு கையை உயர்த்தினான். அதே கணத்தில் அர்ரிக்கியோன் உயிர் நீத்தான். நடுவர் பிணத்துக்கு வெற்றி முடி சூட்டினர். இவ்வரலாற்றைப் பௌசானியஸ் என்னும் கிரேக்க ஆசிரியர் எழுதி வைத்திருக்கிறார். ஒருவன் வென்றானா தோற்றானா என்பதனைச் சொல்ல இதனினும் கடினமான ஓர் ஆட்டம் இருந்திருக்குமோ அறியேன்.

நவீன காலத்து வரலாறு யப்பானிலிருந்து பிறேசிலுக்குக் கப்பலேறிற்று. மிட்சுயோ மயேடா என்னும் யூடோ வல்லுநர் 1914இல் பிறேசிலை அடைந்தார். அவரிடம் பயின்ற கிறேசி குடும்பத்தார், மெலிந்தவன் வலியவனை நிலத்திற் கிடத்தி வெல்லும் வழியைத் தம் குடும்பக் கல்வியாகவே வளர்த்தனர். எக்கலை சிறந்தது என்பதனைத் தீர்ப்பதற்கென 1993ஆம் ஆண்டு நவம்பர் 12ஆந் திகதி அமெரிக்காவின் டென்வர் நகரில் ஒரு போட்டி நிகழ்ந்தது. யூ. எப். சி. என்று சுருங்க அழைக்கப்படும் தொடரின் முதற் போட்டி அதுவே. நிறைப் பிரிவு இல்லை. புள்ளியிடும் நடுவர் இல்லை. குத்துச்சண்டை வீரர் ஒருவர் ஒற்றைக் கையில் மட்டும் உறை மாட்டிக்கொண்டு வந்தார். அவரையும் வேறிருவரையும் ஒரே இரவில் ரொய்ஸ் கிறேசி வென்றார். அவர் உடலாற் பெரியவர் அல்லர். மூன்று போர்களுக்கும் அவர் செலவிட்ட நேரத்தைக் கூட்டினால் ஏறக்குறைய ஐந்து நிமிடமே வரும்.

அமெரிக்க மேலவை உறுப்பினர் ஜோன் மக்கெய்ன் இதனை மனிதச் சேவற்போர் என்று இகழ்ந்து, 1996இல் மாநில ஆளுநர்களுக்கெல்லாம் தடைசெய்யுமாறு கடிதம் எழுதினார். அவர் இகழ்ந்ததிற் பிழை காணேன். அவ்விகழ்ச்சியாலேயே அக்கலை ஒழுங்குபட்டது. 2000ஆம் ஆண்டு நியூ யேர்சி மாநிலத்தில் வகுக்கப்பட்ட விதிகளின்படி நிறைப் பிரிவும், கையுறையும், ஐந்து நிமிடச் சுற்றுகளும், மூன்று நடுவரும், தடுக்கப்பட்ட செயல்களின் பட்டியலும் வந்தன. கொலைக்களம் போன்றது விளையாட்டுக்களம் ஆயிற்று.

இங்கே ஒரு தற்செயலைக் குறித்தல் வேண்டும். டென்வர்ப் போட்டி நடந்து ஒரு மாதம் நிறைவதற்குள், 1993 டிசம்பர் 9ஆந் திகதி, அதே அமெரிக்காவின் மேலவையில் வீடியோ விளையாட்டுகளின் கொடுமை பற்றி விசாரணை ஒன்று நிகழ்ந்தது. ‘மோட்டல் கொம்பாற்’ என்னும் 1992ஆம் ஆண்டு விளையாட்டில் தோற்றவனின் முதுகெலும்பைப் பிடுங்கும் காட்சியெல்லாம் இருந்தமையே அதற்கு முக்கிய காரணம். அவ்விசாரணையின் பயனாக 1994இல் விளையாட்டுகளை வயது நோக்கித் தரம் பிரிக்கும் சபையொன்று தோன்றிற்று. மெய்யான போரும் பொய்யான போரும் ஒரே பனிக்காலத்திற் குற்றக் கூண்டில் நின்றன எனலாம். ஆயினும், அக்காலத்துப் பொய்ப்போர் மெய்ப்போரைச் சிறிதும் ஒத்திருக்கவில்லை.

ஒவ்வாமை யாதெனின், அவ்விளையாட்டுகளில் வீரனின் உயிர் திரையின் மேற்புறத்தில் ஒரு கோடாக வரையப்பட்டிருக்கும். அடி விழ விழக் கோடு குறையும். கோடு நூலிழையளவாக நின்றபோதும் வீரன் தொடக்கத்திற் போலவே துள்ளுவான். கோடு அற்றதும் வீழ்வான். உடம்பு என்பது ஒரு பானை, உயிர் அதிலுள்ள நீர் என்பது அதன் கொள்கை. காலில் அடிபட்டவன் நொண்டான். கண் வீங்கியவன் குருடாகான். 1997இல் யப்பானியர் செய்த ‘புஷிடோ பிளேட்’ என்னும் வாட்போர் விளையாட்டு இவ்வழக்கை மீறியது. அதில் அக்கோடு இல்லை. சரியான இடத்தில் ஒரு வெட்டு விழின் அவ்வளவே. காலில் வெட்டுண்டவன் நிமிர்ந்து நிற்க முடியாமல் மண்டியிட்டே பொருவான். இதனை மருமகன் சொல்லக் கேட்டபோது, இவ்விளையாட்டுகளை இயற்றுவோருக்குள்ளும் நெறி பற்றிய வழக்காடல் உண்டு போலும் என்று முதன்முறையாக எனக்குத் தோன்றிற்று.

யூ. எப். சி. போட்டியை விளையாட்டாக்கும் முயற்சி 2000ஆம் ஆண்டில் ‘டிறீம்காஸ்ற்’ என்னும் பொறிக்கென வெளிவந்ததோடு தொடங்கிற்று. பின்னர் வந்தவற்றுள் 2009இல் வெளிவந்த ‘யூ. எப். சி. அன்டிஸ்பியூட்டட்’ ஆர்வலரின் பசியைத் தீர்த்தது என்பர். யப்பானின் யூக்ஸ் நிறுவனம் அதனைச் செய்ய, அமெரிக்காவின் ரீ. எச். கியூ. நிறுவனம் வெளியிட்டது. அவ்வாண்டில் ஒரு பிணக்கும் எழுந்தது. எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் என்னும் பெருநிறுவனம் தானும் அத்தகைய விளையாட்டொன்று செய்யப் புகுந்தது. யூ. எப். சி. தலைவர் டேனா வைற் சினந்து, அந்நிறுவனம் முன்னர் இது விளையாட்டே அன்று என்று தம்மை ஒதுக்கியது எனக் குறைகூறி, அதனோடு ஒப்பந்தஞ் செய்யும் வீரர்க்குத் தம் களத்தில் இடமில்லை என்றும் சொன்னார். அந்நிறுவனத்தின் விளையாட்டு 2010இல் வேறு வீரரைக் கொண்டு வெளிவந்தது. இரண்டாண்டு சென்றது. ரீ. எச். கியூ. கடனில் மூழ்கிற்று. 2012 யூன் மாதம் அதே டேனா வைற் அதே எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸின் மேடையேறி, உரிமை இனி இவர்களுக்கே என்று அறிவித்தார். பாண்டியனும் சோழனும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தது போன்ற கதை. பின்னர் 2014, 2016, 2018, 2020 என ஈராண்டுக்கொன்றாக நான்கு பதிப்புகள் வந்தன. 2014ஆம் ஆண்டுப் பதிப்பிலே பெண் வீராங்கனைகளும் முதன்முறையாக இத்தொடரில் இடம்பெற்றனர். ஐந்தாவதுக்கோ மூன்றாண்டு காத்திருக்க நேர்ந்தது. நாலாவது பதிப்பு மெய்ம்மையினின்று விலகி எளிமைப்பட்டது என்ற குறை ஆர்வலரிடை இருந்தமையின், ஐந்தாவதன்மேல் வைத்த எதிர்பார்ப்பும் பெரிதாயிற்று.

“அப்படி என்னதான் எதிர்பார்க்கிறாய்?” என்று மருமகனைக் கேட்டேன். குருதியையும் வீக்கத்தையும் சொல்வான் என்று நினைத்தேன். அவன், “பிடி மாமா, பிடி” என்றான். குத்துவதையும் உதைப்பதையும் யாரும் காட்டிவிடலாம். பிடித்துக் கட்டிப் புரள்வதைக் காட்டுவதுதான் கடினம் என்று அவன் விளக்கிய விளக்கம், ஆசிரியத் தொழிலில் முப்பதாண்டு கழித்த எனக்கே பொறாமை தருவதாயிருந்தது.

குத்து என்பது ஒரு கணத்தில் நிகழ்வது. கை புறப்படுகிறது, முகத்தைத் தொடுகிறது, மீள்கிறது. இரண்டு உடம்பும் கண்ணிமைக்கும் நேரமே ஒன்றையொன்று தீண்டுகின்றன. பிடியிலோ இரண்டு உடம்பும் நிமிடக் கணக்காகப் பின்னிக் கிடக்கின்றன. ஒருவனது முழங்கை நகர்ந்தால் மற்றவனது இடுப்பு நகர வேண்டும். ஒருவன் மூச்சு விட்டால் மற்றவன் மார்பு அமிழ வேண்டும். இவ்விளையாட்டுகளைச் செய்வோர், மெய்யான வீரரின் உடம்பெங்கும் சிறு குறிகளை ஒட்டி, பல ஒளிப்படப் பொறிகளாற் சூழ்ந்து அவர் அசைவுகளைப் பதிகின்றனர். தனித்து நின்று குத்துபவனைப் பதிவது எளிது. இருவர் கட்டிப் புரளும்போதோ குறிகள் ஒருவர் உடம்பின்கீழ் ஒருவருக்கு மறைந்துபோகின்றன. பொறி எதனைக் காண்பது? அஃதன்றி, உயரமும் பருமனும் வேறான எந்த இருவரைச் சேர்த்தாலும் அப்பிடி பொருந்த வேண்டும். பொருந்தாவிடிற் கை உடம்பினுள் புகுந்து முதுகில் வெளிப்படும். அத்தகைய காட்சிகளையும் மருமகன் காட்டினான். அட்டாவதானிக்கும் அடங்காத அங்கங்கள் அவை.

இன்னுமொரு சிக்கல், விளையாடுபவன் கையில் இருப்பது இரண்டு சிறு குமிழ்களும் சில பொத்தான்களுமே என்பது. நிலத்திற் கிடப்பவன் எத்திசையில் நழுவ எண்ணுகிறான், மேலிருப்பவன் எத்திசையில் அமுக்க எண்ணுகிறான் என்பதனை அக்குமிழைத் திருப்பும் திசையாற் சொல்ல வேண்டும். திசையைச் சரியாக ஊகித்தவன் தடுக்கிறான், ஊகியாதவன் அகப்படுகிறான். நெரிப்பிலும் மூட்டு முறுக்கிலும் முன்னைய பதிப்புகள் திரையில் ஒரு தனி வட்டத்தையோ கட்டத்தையோ வரைந்து, அதனுள் ஒரு பட்டையை மற்றொரு பட்டை துரத்துமாறு செய்தன. கழுத்து நெரிபடும் வேளையிற் பிள்ளைகளின் கண்ணாமூச்சி! மருமகனுக்கு இஃது அடியோடு பிடிக்காது. ஐந்தாம் பதிப்பில் அவ்வட்டம் நீங்கும், உடம்புகளின் அசைவைப் பார்த்தே தப்ப வேண்டும் என்று அறிவித்திருந்தார்கள். அவன் எதிர்பார்த்தவற்றுள் முதன்மையானது இதுவே.

வேறு சில புதுமைகளையும் நிறுவனத்தார் சொல்லியிருந்தனர். முகத்தை எட்டுப் பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் காயம் படிப்படியாக முதிருமாறு அமைத்திருப்பதாகவும், 64,000க்கு மேற்பட்ட வகையில் முகம் சிதையக்கூடும் என்றும் கூறினர். எண்ணிக்கையிற் பெருமிதங் கொள்ளுதல் வணிகர் இயல்பு. அதனை யான் பெரிதாகக் கொள்ளவில்லை. என் மனத்தைத் தொட்டது அதன் விளைவே. கண் வீங்கியவனுக்கு அப்பக்கத்துக் காவல் குறைகிறது. மூக்குடைந்தவன் விரைவில் இளைக்கிறான். காயம் மிகின் மருத்துவர் களத்தினுள் வந்து பார்க்கிறார். தொடரலாகாது என்று அவர் சொன்னால், வென்றுகொண்டிருப்பவனும் தோற்றவனாகிறான். இத்தொடரில் முதன்முறையாக வளர்ந்தோர்க்கு மட்டுமென்று தரம் பிரிக்கப்பட்ட பதிப்பும் இதுவே. மேலவை விசாரணையில் விளைந்த சபை, முப்பதாண்டின் பின்னர் மெய்ப்போரின் நிழலுக்கே அக்குறியை இட்டது.

தொல்காப்பியர் புலனெறி வழக்கத்துக்கு நாடக வழக்கு, உலகியல் வழக்கு என இரண்டனையும் அடியாகக் கொண்டார். சுவையானவற்றையெல்லாம் ஓரிடத்தில் நிகழ்ந்தனவாகத் தொகுத்துச் சொல்வதே நாடக வழக்கு என்று இளம்பூரணர் விளக்குவர். உயிர்க்கோடு வரைந்து துள்ளிக் குதிக்கும் பழைய விளையாட்டு முழு நாடக வழக்கு. மருமகனும் அவனையொத்தோரும் வேண்டுவது உலகியல் வழக்கு. ஆனால் முற்றாக உலகியலே ஆகிவிட்டால் என்னாகும்? 1976 யூன் 26ஆந் திகதி தோக்கியோ நகரில் முகமது அலியும் யப்பானிய மல்லர் அந்தோனியோ இனோக்கியும் பொருதனர். அலியின் கைக்கு அகப்படாமல் இனோக்கி நிலத்தில் மல்லாந்து கிடந்து, பதினைந்து சுற்றும் அலியின் கால்களையே உதைத்துக்கொண்டிருந்தார். முடிவு சமன். பார்த்தவர்கள் சலித்தார்கள், அலியின் கால்களோ புண்ணாயின. அதனை உள்ளவாறே விளையாட்டாகச் செய்தால் எவர் பணங் கொடுத்து வாங்குவர்? ஆதலின் எத்துணை மெய்ம்மை, எத்துணை நாடகம் என்ற அளவிலேதான் இத்தொழிலின் திறமை அடங்கியிருக்கிறது. மருமகனிடம் இதனைச் சொன்னேன். “அப்ப நீங்களும் அந்தக் கொம்பனியில வேலை செய்யலாம் மாமா” என்றான். நெடுநாளின் பின் அவன் என்னோடு செய்த பகிடி அது.

அடுத்து நிகழ்ந்ததனைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். ஐப்பசித் தொடக்கத்தில் ஒரு மாலை. பால பண்டித வகுப்புக்கெனப் புறநானூற்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எண்பதாம் பாட்டு. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனைப் பொருது அட்டதனைச் சாத்தந்தையார் பாடியது. ஒருகாலை மல்லனின் மார்பிலே மண்டியாக வைத்து, மறுகாலால் அவன் செய்யும் உபாயத்தைத் தடுத்து அதனை முதுகுப்புறத்தே வளைத்து நின்றான் சோழன் என்பது அதன் கருத்து. பசித்த யானை மூங்கிலைத் தின்ன முயல்வது போலத் தலையும் காலும் ஆகிய இருபுறமும் முறியுமாறு மோதினான் என்று உவமையும் வருகிறது. முப்பதாண்டாக இப்பாட்டைக் கற்பித்துவருகிறேன். வீரத்தை மிகுத்துக் கூறும் புலவர் வழக்கு என்று சொல்லி அடுத்த பாட்டுக்குச் செல்வதே என் பழக்கம்.

வாய்விட்டு வாசித்துப் பொருள் சொல்லிப் பார்த்தேன். பக்கத்து அறையிலிருந்து, “மாமா, அந்தக் கால் கதையைத் திரும்பச் சொல்லுங்கோ” என்ற குரல் வந்தது. திரும்பச் சொன்னேன். அவன் வந்தான். கட்டிலிலிருந்த நெடுந்தலையணையை எடுத்து நிலத்திற் போட்டான். “மல்லாந்து கிடக்கிறவன்ரை நெஞ்சிலை ஒரு கால் இருக்கலாம், முதுகிலை மற்றக் கால் எப்படி இருக்கும்? முதுகு நிலத்திலையெல்லே?” என்றான். யான் அதனை எண்ணியதேயில்லை. “அவன் ஒருக்களிச்சுக் கிடக்கிறான் மாமா. தப்புறதுக்குத் திரும்பியிருக்கிறான். திரும்பினவுடனை இவர் ஒரு முழங்காலை நெஞ்சுப் பக்கம் வைச்சு, மற்றக் காலை முதுகுப் பக்கம் கொண்டுபோய் அடைச்சிட்டார். இனி அவனுக்கு அங்காலையும் ஏலாது, இங்காலையும் ஏலாது” என்று சொல்லித் தலையணையை ஒருக்களித்து, அதன்மேல் அவ்வாறே இருந்து காட்டினான். பிறேசிலியர் பள்ளிகளிலும் இந்நிலை உண்டு என்றும், இதிலிருந்து அடுத்ததாகக் கையைப் பற்றி முழங்கையை மடக்கி முறிப்பார்கள் என்றும் சொன்னான்.

யானையின் உவமை அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. யானை மூங்கிலை எவ்வாறு முறிக்கும்? ஒரு நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு மறு நுனியைத் துதிக்கையால் வளைக்கும். ஒருபுறம் அசையாது நிற்க மறுபுறம் வளைவதாலேயே முறிவு உண்டாகிறது. மூட்டு முறுக்கு முழுவதற்கும் சூத்திரம் இதுவே. சாத்தந்தையார் களத்தின் ஓரத்தில் நின்று கண்டதனையே பாடினார் என்றும், யான் அலங்காரம் என்று தள்ளியது கண்கூடான செய்தி என்றும் அன்று நினைத்தேன். பழைய உரைகாரர் கருத்தும் இதுவே என்று சாதிக்க யான் முன்வரவில்லை. பாட்டின் சொற்கள் இக்காட்சிக்கு இடந்தருகின்றன என்ற அளவிலே நிற்கின்றேன். மறுநாள் வகுப்பில் அவ்வாறே கற்பித்தேன். தலையணை மட்டும் கொண்டுபோகவில்லை.

அவனுக்கும் ஆவல் பிறந்தது. அப்புலவரின் மற்றப் பாட்டையும் கேட்டான். எண்பத்திரண்டாம் பாட்டில், ஊரில் விழாத் தொடங்கிவிட்டது, மனைவி பிள்ளைப்பேற்று வேதனையில் இருக்கிறாள், மழை பெய்கிறது, ஞாயிறு சாய்கிறது, அந்நேரத்திற் கட்டில் பின்னும் தொழிலாளியின் கையூசி எவ்வளவு விரையுமோ அவ்வளவு விரைவாகப் போர் நிகழ்ந்தது என்கிறார். ஐந்தாம் பதிப்பு ஒரு விநாடிக்கு அறுபது படம் என்ற கதியில் ஓடும் என்று மருமகன் பெருமையோடு சொல்லியிருந்தான். இப்பாட்டைக் கேட்டபின் சிறிது நேரம் பேசாதிருந்தான். நக்கண்ணையார் பாட்டையும் சொன்னேன். அம்மன்னன்மேற் காதல் கொண்ட அவர், அவனுக்கே வெற்றி என்று ஒருசாராரும், அன்று என்று ஒருசாராரும் வாதிட, வீட்டின் அருகே பனையடியிற் சாய்ந்து நின்று தாமே பார்த்து அவன் வென்றதைக் கூறுகிறார். “அந்தக் காலத்திலையும் நடுவர் தீர்ப்பிலை சண்டைதான்” என்றான் அவன்.

விளையாட்டு குறித்த நாளில் வெளிவந்தது. ஆனால் அது பழைய பொறிகளில் ஓடாது. ‘பிளேஸ்டேஷன் 5’ முதலிய புதிய பொறி வேண்டும். கனடாவிலுள்ள அவன் தமையன் அனுப்பிய பொறி மார்கழியிலேதான் கைக்கு வந்தது. அதுவரையிற் பிறர் விளையாடுவதனைத் தொலைபேசியிற் பார்த்தே பொழுதைப் போக்கினான். வந்த அன்று மாலை முன்னறையில் அவன் விளையாட, யான் சாய்மனைக் கதிரையில் இருந்து பார்த்தேன். பிடி எப்படி என்று கேட்டேன். “முந்தியதிலும் நல்லம், இன்னும் வரவேணும்” என்றான். ஒத்துக்கொள்ள மனமில்லாத ஆசிரியன் மாணவனுக்கு இடும் புள்ளி போல இருந்தது அது.

எனக்கோ திரையில் ஒன்று குறையாகவே பட்டது. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என நான்கினால் இளிவரல் பிறக்கும் என்பது மெய்ப்பாட்டியல். திரையில் வருத்தத்தின் நிறம் உண்டு, வருத்தம் இல்லை. குத்துச்சண்டைக்காரர் பலர் பிற்காலத்திற் கால் தள்ளாடி, நாக் குழறி, நினைவு மயங்குவதனை 1928இலேயே மாட்லன்ட் என்னும் அமெரிக்க மருத்துவர் எழுதினார். இத்தொடரின் பதிப்புகளில் ஒரு வீரனின் தொழில் வாழ்வை முதலிலிருந்து விளையாடுங்கால் அடி வாங்க வாங்க அவனது தொழிலாயுள் தேய்வதாக அளவொன்று வைத்திருக்கிறார்கள் என்று மருமகன் சொன்னான். கணக்கன் வேலை அது. ஆயுள் தேய்ந்தவன் ஓய்வு பெறுகிறான். புதியவன் ஒருவனைத் தொடங்கலாம். வீட்டுக்குப் போனவன் தன் பிள்ளையின் பெயரை மறந்து நிற்கும் காட்சி எந்தப் பதிப்பிலும் வரப்போவதில்லை. வரவேண்டும் என்று கேட்பதும் நியாயமன்று.

மூன்றாவதோ நாலாவதோ ஆட்டத்தில் அவன் வீரன் நன்றாக வென்றுகொண்டிருந்தான். திடீரென ஆட்டம் நின்றது. மருத்துவர் வந்து அவ்வீரனின் கண்ணைப் பார்த்தார், கையை அசைத்தார், முடிந்தது. அவன் குமிழ்களைக் கீழே வைத்தான். கோபங் கொள்வான் என்று எதிர்பார்த்தேன். “சரியாத்தான் நிப்பாட்டினவர்” என்றான். வலக்கை தானாகச் சென்று இடத்தோளைத் தடவிற்று. யான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு அன்றைக்கு இரண்டாண்டுகளுக்கு முன்னரே நேரம் இருந்தது. அப்போது கட்டளையைச் சொன்னேனேயன்றி வேறொன்றும் சொன்னேன் அல்லேன்.

சிறிது நேரஞ் சென்றபின் அவன் கேட்டான்: “மாமா, அந்தப் பாட்டிலை தித்தன் எண்டு ஒருத்தர் வாறாரெல்லே?”

தித்தன் உறையூரில் இருந்த சோழன். போரவைக் கோப்பெருநற்கிள்ளியின் தந்தை. இருவர்க்கும் மனவேறுபாடு இருந்தது என்று அறிஞர் கொள்வர். மகன் வேற்றூரில் மல்லனோடு பொருகிறான். அத்தந்தை மகிழ்ந்தாலும் சரி, மகிழாவிட்டாலும் சரி, இதனை வந்து காணட்டும் என்று புலவர் வேண்டுகிறார். அதனை முன்னமே அவனுக்குச் சொல்லியிருந்தேன்.

“வாறார்” என்றேன்.

“அவர் கடைசியிலை வந்து பாத்தவரோ?”

“பாட்டிலே அது இல்லை, தம்பி.”

அவன் தலையசைத்துவிட்டு, இன்னொரு கைப்பொறியையும் எடுத்து என் மடிமேல் வைத்தான். எந்தப் பொத்தான் குத்துக்கு, எது உதைக்கு என்று சொல்லித் தந்தான். முதலாஞ் சுற்றிலேயே தோற்றுப்போனேன்.